தலைவரின் பெயரால்

எட்டாம் வகுப்புக்கு ஆங்கில உள்நாட்டுப் போரைப் படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில் வகுப்பு நின்றுவிடும். கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் மாரி காலத்தில் வரும். அரசன் ஒரு பக்கம், பாராளுமன்றம் மறுபக்கம் என்று பிள்ளைகள் கொப்பியில் கோடு கிழித்து எழுதிக்கொண்டு வருவார்கள். அப்போது நான் சொல்வேன்: பாராளுமன்றம் அரசனோடு சண்டை பிடிப்பதாகச் சொல்லவே இல்லை, அரசனுக்காகச் சண்டை பிடிப்பதாகத்தான் சொன்னது. அரசனின் உடம்பு ஒக்ஸ்போர்டில் இருக்கலாம், அரசனின் அதிகாரம் இங்கே வெஸ்ட்மின்ஸ்டரில் எங்களிடம் இருக்கிறது என்றது. படை சேர்த்தது அரசன் பெயரால். சட்டம் போட்டது அரசன் பெயரால். அந்தப் படை பீரங்கியைத் திருப்பியது அரசன் நின்ற பக்கம்.

உடனே ஒரு பிள்ளை கையை உயர்த்தி, அரசனைக் காப்பாற்றுவதற்காகவா அரசனைச் சுட்டார்கள் என்று கேட்கும். ஆம் என்பேன். வகுப்பு முழுவதும் சிரிக்கும். முன்பெல்லாம் நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்பாவின் தமிழ்ப் பள்ளியில் அதே கூத்து நடந்ததைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

எங்கே போனாலும் ஒப்பீடு தேடுகிற ஆள் இல்லை நான். ஆனால் இருபது வருடமாக ஒரே போரைப் படிப்பித்தால் மூளை கெட்டுத்தான் போகும். அடுப்படியில் யார் சாமான் கழுவுவது என்ற சண்டையில்கூட எனக்கு இரண்டு சபையும் ஓர் அரசனும் தெரிவார்கள்.

என் அப்பா குட்மேய்ஸில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் நிறுவனர், தலைவர், அதன் நிரந்தரத் தலையிடி. வாரநாட்களில் அவர் பெற்றோல் நிலையத்துக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வேலை செய்தார். அங்கே அவரை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை, விரலால் தட்டித்தான் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை காலையில் அதே ஆள் சலவை மடிப்புக் குலையாத வெள்ளைச் சேட்டோடு பள்ளி மண்டபத்துக்குள் நுழைந்தால் ஆசிரியைகள் கதிரையை விட்டு எழும்புவார்கள். பழைய, இருட்டான ஒரு சிறிய மண்டபம். அதைத் தேடிக் கண்டுபிடித்து, தேவாலயக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது அப்பாதான். ஆகவே அது தன்னுடையது என்று அவர் நினைத்தார். அதை மறைக்கவும் இல்லை.

பள்ளியை நடத்தும் சங்கத்துக்கு ஒரு யாப்பு, எழுதிவைத்த விதிகள், இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. அதை எழுதியவரே அப்பாதான், எழுதியதோடு சரி.

"பொதுக்கூட்டம் எதுக்கு? நாலு பேர் கத்த, நாப்பது பேர் வடை தின்னவோ?" என்பார்.

வருடக்கணக்காக அப்படியே ஓட்டினார். யாரை ஆசிரியையாக வைப்பது, எந்தப் பிள்ளை எந்த வகுப்பு, ஆண்டு விழாவில் யார் முன்வரிசை, எல்லாம் அவர் வாயிலிருந்து வருவதுதான். பெற்றோர் அவருக்கு முன்னால் பல்லைக் காட்டிவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் நின்று பல்லைக் கடித்தார்கள். விட்டுவிடுங்கள் அப்பா, வயதும் போகிறது, இருதயமும் சரியில்லை என்று நான் எத்தனையோ தரம் சொன்னேன். நான் சொல்லி அவர் கேட்டது என் கல்யாணத்தில் கொக்கோ கோலா வேண்டாம் என்ற ஒன்றைத்தான்.

பிறகு கூரை ஒழுகியது. மூன்றாம் வகுப்பில் வாளி வைத்துப் பார்த்தார்கள், வாளிக்குள் பிள்ளைகள் கடதாசிப் படகு விட்டார்கள். பெற்றோரிடம் காசு கேட்காமல் கூரை போட வழியில்லை. பாராளுமன்றம் இல்லாமல் பதினொரு வருடம் ஆண்ட அந்த அரசனும், ஸ்கொட்லாந்துக்காரரோடு சண்டை வந்து கை வறண்ட பிறகுதான் வேண்டாவெறுப்பாகச் சபையைக் கூட்டினான். எங்களுக்கு ஸ்கொட்லாந்துக்காரர் இல்லை, மழை இருந்தது.

அந்தப் பொதுக்கூட்டத்துக்கு நானும் போனேன். அப்பா கூரையைப் பற்றி மட்டும் பேசி முடித்து, மேசை மணியை அடித்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பும் எண்ணத்தோடு இருந்தார். அவர்களோ அதுவரை விழுங்கியதையெல்லாம் அன்றைக்கே கக்கும் எண்ணத்தோடு வந்திருந்தார்கள். முன்னால் நின்றவர் சங்கத்தின் செயலாளர். ஜெர்மனியில் இருபது வருடம் இருந்து, பிள்ளைகளின் ஆங்கிலத்துக்காக லண்டன் வந்து, குளியலறை ஓடு பதிக்கும் தொழில் செய்பவர். மெல்லிய குரல், நறுக்கிய மீசை. நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மனைவி செய்யும் கத்தரிக்காய்ப் பொரியலை அப்பா எத்தனையோ சனிக்கிழமை ரசித்துச் சாப்பிட்டிருக்கிறார்.

"கூரை போடுவம் ஐயா. போடாமல் விடேலாது. ஆனால் அதுக்கு முன்னம் ஒரு தீர்மானம் இருக்கு," என்று மாமா எழும்பினார். இருக்கிறவர்கள் சம்மதிக்காமல் இந்தக் கூட்டத்தை யாரும் முடிக்க ஏலாது, தலைவராலும் ஏலாது. அதுதான் தீர்மானம்.

கைகள் உயர்ந்தன. அப்பா மணியை அடித்தார். ஒருவரும் எழும்பவில்லை. இன்னும் பலமாக அடித்தார். பின்வரிசையில் யாரோ ஒரு பெண் பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றும் சத்தம் கேட்டது. தன் சம்மதம் இல்லாமல் தன்னைக் கலைக்க முடியாது என்று அந்தப் பழைய பாராளுமன்றம் அரசனிடமே கையெழுத்து வாங்கிய கதை எனக்குக் கண்ணுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. பெற்ற தகப்பன் முகத்தில் ஈயாடாமல் நிற்கும்போது எனக்குள் இருந்த வரலாற்று ஆசிரியை கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா மணியையும் சங்கத்து ரப்பர் முத்திரையையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். முத்திரை தன்னிடம் இருக்கும்வரை அவர்களால் ஒன்றும் கிழிக்க முடியாது என்பது அவர் கணக்கு. லண்டனிலிருந்து ஓடிப்போன அரசனுக்குப் பின்னாலேயே அவனுடைய பெரிய முத்திரையும் போய்ச் சேர்ந்தது. பாராளுமன்றம் கொஞ்சக் காலம் திண்டாடிவிட்டு, தானே ஒரு புது முத்திரை செய்துகொண்டது. மாமா திண்டாடக்கூட இல்லை. அடுத்த கிழமையே கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் புது முத்திரை அடித்துவிட்டார். அதில் "தலைவர்" என்று முன்னதைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருந்தது.

அவர்கள் அப்பாவை நீக்கவில்லை. நீக்கியிருந்தால் பாதிப் பெற்றோர் இரக்கப்பட்டு அவர் பக்கம் வந்திருப்பார்கள். அவரைத் தலைவராகவே வைத்துக்கொண்டு, அவர் பெயரால் அவருக்கு எதிராக ஆளத் தொடங்கினார்கள். வகுப்பு நேரம் மாறியது, தலைவர் அவர்களின் பணிப்பின்படி. அப்பாவுக்கு வேண்டப்பட்ட இரண்டு ஆசிரியைகள் நிறுத்தப்பட்டார்கள், தலைவர் அவர்களின் பணிப்பின்படி. எல்லாப் பெற்றோருக்கும் போனில் அறிவித்தல் போகும், அப்பாவுக்கும் ஒரு பிரதி வரும். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தான் என்ன கட்டளை இட்டிருக்கிறேன் என்று வாசித்துத் தெரிந்துகொள்வார். ஒருநாள் வந்த அறிவித்தலை என்னிடம் நீட்டினார். தலைவர் அவர்களின் பணிப்பின்படி, தலைவர் அவர்கள் சனிக்கிழமைகளில் சிரமப்பட்டு மண்டபத்துக்கு வரத் தேவையில்லை.

"நான் எப்பயடி இதைச் சொன்னனான்?" என்று கேட்டார். உண்மையாகவே யோசித்துக்கொண்டு கேட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மாமாவுக்குப் போன் எடுத்தேன். சண்டைக்குத்தான் எடுத்தேன், ஆனால் அவர் சண்டைக்கு வரவில்லை.

"ஐயாவில எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை பிள்ளை. ஐயா தங்கமான மனுசன். பக்கத்தில இருந்து ஓதுற ஆக்கள்தான் பிரச்சினை. அவையின்ர கதையைக் கேட்டுத்தான் ஐயா இப்பிடி நடக்கிறார்."

"மாமா, பக்கத்தில இருக்கிறது நான் ஒராள்தான்."

"நான் உம்மைச் சொல்லேல்லை. பொதுவாச் சொன்னனான்," என்றார்.

அரசன் நல்லவன், அவனைக் கெடுக்கும் ஆலோசகர்கள்தான் கெட்டவர்கள் என்பதும் என் பாடத்தில் வரும். போர் தொடங்கும்போது எல்லோரும் சொல்லும் பொய் அது, அரசனை நேரே குற்றம் சொல்லத் துணிவு வரும்வரை சொல்லப்படுவது. ஆனால் அந்தக் கெட்ட ஆலோசகர் நானாக இருப்பேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. விட்டுவிடுங்கள் அப்பா என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டவள் நான். ஊருக்குள் இப்போது தகப்பனைத் தூண்டிவிடும் மகள் என்று பெயர். குட்மேய்ஸ் மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் என்னைக் கண்டுவிட்டு, காணாத மாதிரி அடுத்த வரிசைக்குப் போனாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் நான் இலவசமாகப் பரீட்சைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அம்மா இறந்த பிறகு அப்பாவுக்கு இருந்தது அந்தப் பள்ளிதான். அது போன பிறகு அவர் வீட்டுக்குள் கிடந்து கறுத்துப்போனார். சாப்பாடு குறைந்தது. இருதயத்துக்கு இன்னும் இரண்டு மாத்திரை கூடியது. ஆண்டு விழா நெருங்கியபோது ஒருநாள் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "ஒருக்கா மேடையில இருந்திட்டு வாறன். அது போதும். பிறகு நானே விட்டிடுறன்." தனக்கென்று அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதை என்னிடம் கேட்பது போல் அல்ல, சுவரிடம் கேட்பது போல் கேட்டார்.

அதை அப்படியே மாமாவிடம் கொண்டுபோனேன். ஒரு கதிரை, மேடையில் ஓர் ஓரத்தில், ஒரு பின்னேரம், அவ்வளவுதான் என்றேன். கொமிட்டி கதைத்துச் சொல்லும் என்றார். கதைத்துச் சொன்னது. ஐயாவை மிகச் சிறப்பாகக் கௌரவிப்பார்கள், ஐயா வரத்தான் தேவையில்லை.

"அப்ப நான் போவன்," என்றார் அப்பா. "என்ர விழாவுக்கு என்னை ஆர் மறிக்கிறது?"

விழா ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். வேட்டி, அம்மா கடைசியாக வாங்கிக்கொடுத்த பட்டுச் சால்வை, திருநீறு. காரில் வரும்போது என்ன பேசுவது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். மண்டபத்தின் முன்கூடத்தில் சங்கத்து ரீசேட் போட்ட இரண்டு இளைஞர்கள் நின்றார்கள். இரண்டு பேருமே அப்பாவிடம் தமிழ் படித்தவர்கள். இப்போது தாடி வைத்து, ஜிம்முக்குப் போய், கதவின் அகலத்துக்கு வளர்ந்திருந்தார்கள்.

"சொறி சேர்," என்றான் ஒருவன். "உள்ள விடேலாது. கொமிட்டி சொன்னது."

"நான் தலைவர் அடா."

"தெரியும் சேர். தலைவர் இண்டைக்கு வரமாட்டார் எண்டுதான் கொமிட்டி சொன்னது."

வெஸ்ட்மின்ஸ்டரிலும் ஒரு காலையில் இதுதான் நடந்தது. ஒரு கேர்ணல் சபையின் வாசலில் நின்றுகொண்டு, வேண்டாத உறுப்பினர்களை ஒவ்வொருவராக மறித்துத் திருப்பினான். அதைப் படிப்பிக்கும்போது நான் மிகவும் நிதானமாக, காரண காரியத்தோடு விளக்குவேன். அன்றைக்கு அந்த முன்கூடத்தில் எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. வாயில் வந்ததையெல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொட்டினேன். உங்களுக்கு அ, ஆ எழுதப் பழக்கிய கையைப் பிடித்தா வெளியே தள்ளுகிறீர்கள் என்று கேட்டேன். பொடியனுடைய காது சிவந்தது. ஆனால் கதவை விட்டு நகரவில்லை. போய் ஒரு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து போட்டான். "ப்ளீஸ் அன்ரி, சேர் இருக்கட்டும். நிண்டால் களைக்கும்." அப்பா அதில் இருந்தார். ஒருபக்கம் குழந்தை வண்டில்கள், மறுபக்கம் தொங்கவிட்ட குளிர் அங்கிகள். தன் விழாவில் அவருக்குக் கிடைத்த இடம் அதுதான்.

மண்டபக் கதவில் ஒரு கண்ணாடித் துண்டு உண்டு. அதற்குள்ளால் பார்த்தேன். மேடை நடுவில் அப்பாவின் படம். பெரிதாக்கி, சட்டம் போட்டு, கால்வைத்த பலகையில் நிறுத்தி, அதற்கு ஒரு முழு நீள மாலை போட்டிருந்தார்கள். சாமந்தியும் ரோஜாவும் கட்டிய புது மாலை. அதற்கு முன்னால் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் ஆட்களில் இதற்கு விளக்கம் தேவைப்படும் பிள்ளை ஒன்றும் பிறக்கவில்லை. உயிரோடு இருப்பவருக்குக் கழுத்தில் மாலை போடுவோம், அவர் உடனே கழற்றி மேசையில் வைத்துவிடுவார். படத்துக்கு மாலை போட்டால் ஆள் இல்லை என்று அர்த்தம். இதில் வஞ்சகம் ஒன்றும் இருக்கவில்லை என்று பிறகு தெரியவந்தது. தலைவருக்கென்று மகளிர் குழு வழக்கம்போல மாலைக்குச் சொல்லிவிட்டது. மாலை வந்துவிட்டது, தலைவரை வர விடவில்லை. "வாங்கின மாலையைப் பிறகு என்னம்மா செய்யிறது? குப்பையில போடுறதோ?" என்று அந்தக் குழுவில் இருந்த ஒருத்தி பின்னாளில் என்னிடமே கேட்டாள். விளக்கு எப்போதும் நடுவில்தான் நிற்கும். படத்துக்கும் இடம் நடுவில்தான். கௌரவிக்கப்போய்க் கொன்று வைத்திருந்தார்கள்.

அடுத்தது மௌன அஞ்சலி. போரில் செத்த எங்கள் சனங்களுக்காக, எங்களுடைய எந்த விழாவும் அதில்லாமல் தொடங்குவதில்லை. அறிவிப்பாளர் பெண்பிள்ளை இங்கே பிறந்தவள். நீளமான வசனம் வாயில் சிக்கியதாலோ என்னவோ, எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் அஞ்சலி செலுத்துவோம் என்பதோடு நிறுத்திவிட்டாள். மண்டபம் முழுவதும் எழுந்து, மாலை போட்ட படத்தைப் பார்த்துத் தலை குனிந்தது.

முன்கூடத்தில் அப்பாவும் பழக்கதோஷத்தில் கதிரையை விட்டு எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, அந்த ஒரு நிமிடமும் ஆடாமல் நின்றார்.

கண்ணைத் திறந்தவர் எனக்குப் பக்கத்தில் வந்து கண்ணாடியால் எட்டிப் பார்த்தார். "பிள்ளை, அது என்ர படமே?" என்றார். அதற்குள் என் கைப்பைக்குள் போன் அதிரத் தொடங்கிவிட்டது. ஆழ்ந்த அனுதாபங்கள். கூப்பிய கைகள். எப்பம்மா நடந்தது, எங்களுக்குச் சொல்லவே இல்லையே. அவருக்கும் காட்டினேன். காட்டாமல் விட்டிருக்கலாம், ஆனால் எனக்கு அப்போது ஆத்திரம் தலைக்கேறியிருந்தது, அவரும் சேர்ந்து ஆத்திரப்பட வேண்டும் என்று நினைத்தேன். அவர் பட்டார்தான். "என்னைச் சாக்காட்டிப் போட்டாங்கள்!" என்று கதவுப் பிடியில் கையை வைத்தார். பொடியன் இந்தத் தரம் மறிக்கவில்லை, அவனும் படத்தைப் பார்த்துவிட்டான். "சேர், நீங்கள் போங்கோ. ஐ டோன்ட் கேர்," என்று ஒதுங்கி நின்றான்.

அப்பா கதவைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. உள்ளே ஒலிவாங்கியில் ஒருவர் பேசத் தொடங்கினார். பெற்றோர் சார்பில் நன்றி சொல்ல வந்தவர். பொதுக்கூட்டத்தில் அப்பாவைப் பார்த்து முதலில் கத்தியதே அவர்தான்.

"ஐயா இப்பிடித் திடீரெண்டு எங்களை விட்டிட்டுப் போவார் எண்டு நான் நினைக்கேல்லை," என்றார். குரல் உடைந்தது. ஆளே ஏங்கி அழுதுவிட்டார். தன் பிள்ளைக்குப் பேச்சு வராமல் இருந்ததையும், அப்பா அவனை மடியில் வைத்துக்கொண்டு மாதக்கணக்காக எழுத்துச் சொல்லிக்கொடுத்ததையும், அதற்கு ஒருநாளாவது நன்றி சொல்லாமல் விட்டதையும் சொன்னார். முன்வரிசைப் பெண்கள் மூக்கைத் துடைத்தார்கள்.

அப்பாவின் கை பிடியிலேயே இருந்தது. அது திறக்கவில்லை.

தலை இருக்கும்வரை அந்த அரசனைப் பிடிக்காதவர்களுக்கும் தலை போன பிறகு அவனைப் பிடித்துப்போயிற்று. வைட்ஹோலில் அவனை வெட்டியபோது கூட்டம் ஒன்றாக அனுங்கியதாம், இரத்தத்தில் கைக்குட்டையைத் தோய்த்து எடுத்துக்கொண்டு போனார்களாம். பாராளுமன்றத்துக்கு அதற்குப் பிறகு அவனை வெல்லவே முடியவில்லை.

அடுத்தது மாமா. அவர் உண்மை தெரிந்தவர். வாசலில் மறிக்கச் சொன்னதே அவர்தான், அப்பா வந்து திரும்பிப் போயிருப்பார் என்று நினைத்திருப்பார். ஐயா உயிரோடுதான் இருக்கிறார் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் மண்டபம் அப்போ ஐயா எங்கே என்று கேட்கும். அவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு, அழுகிற சனத்தைப் பார்த்து, அவரும் இறந்தகாலத்தில் பேசத் தொடங்கினார்.

அவருக்கும் அப்பாவுக்கும் இடையில் ஒரு பழைய காயம் இருந்தது, பள்ளி முழுவதற்கும் தெரியும். ஜெர்மனியிலிருந்து வந்த புதிதில் அவருடைய மகள் பேச்சுப் போட்டியில் நடுவில் மறந்து நின்றாள். அப்பா ஒலிவாங்கியை வாங்கி, இந்தப் பிள்ளையின் வீட்டில் தமிழ் இல்லை என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லி, அவளைக் கீழே இறக்கினார். மாமா அன்றைக்குச் சிரித்துக்கொண்டு இருந்தார். அப்பா அதற்கு மன்னிப்புக் கேட்டதில்லை. தான் செய்தது பிழை என்று அவருக்குத் தெரியவும் இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ர மகளை ஐயா ஒருக்கா மேடையில வைச்சுப் பேசினவர்," என்றார் மாமா. "வீட்ட வந்து நான் அழுதனான். ஆனால் அந்த ரோசத்திலதான் அவள் தமிழ் படிச்சவள். இண்டைக்கு அவள் தன்ர பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கிறாள். எனக்கு ஐயாவில கோபம் இல்லை. எப்பவோ போயிட்டுது. சொல்ல இல்லை, அவ்வளவுதான்."

நிசமாகச் சொன்னாரா, சபைக்குச் சொன்னாரா எனக்குத் தெரியாது. அப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணீர் மீசைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை. அவர் இப்படி அழுததை அம்மாவின் செத்தவீட்டில்கூட நான் காணவில்லை.

"வாங்கோ அப்பா, உள்ள போவம்," என்றேன்.

"பொறடி. அவன் சொல்லி முடிக்கட்டும்."

"அவர் பொய் சொல்லுறார் அப்பா. நீங்கள் செத்துப் போனியள் எண்டு சொல்லுறார்!"

"அதுக்கு என்ன?" என்றார். "நான் உள்ள போனால் நிப்பாட்டிப் போடுவாங்கள்."

பொடியன் கதவைத் திறந்துகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா உள்ளேயிருந்து யாருக்கும் தெரியாதபடி குளிர் அங்கிகளின் பக்கம் ஒதுங்கினார். "தம்பி, முழுக்கச் சாத்தாதை. கொஞ்சம் நீக்கலா விடு, கேக்கட்டும்," என்றார். இன்னும் மூன்று பேர் பேசினார்கள். எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டார். நன்றியுரை தொடங்கியதும், சனம் வெளியே வருவதற்குள் போய்விட வேண்டும் என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காருக்கு நடந்தார். மேடையில் இருக்கும் ஆசை அவருக்கு விட்டுப்போயிருந்தது.

அந்தச் செய்தியை யாரும் திருத்தவில்லை. அது தானாகத் திருந்தியது, அசிங்கமாக. பேருந்துத் தரிப்பில், மருந்துக் கடையில் அப்பாவைக் கண்டவர்கள் முதலில் திடுக்கிட்டார்கள், பிறகு கோபப்பட்டார்கள். அழ வைத்து ஏமாற்றிவிட்டார் என்று அவர்மேலேயே கோபம். அன்றைக்கு ஒலிவாங்கியில் ஏங்கி அழுத அந்த மனிதர் கடையில் அப்பாவைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். உயிரோடு இருப்பதற்காக ஒரு மனிதனை இப்படி வெறுப்பார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தலைவர் பதவி வெறுமையாக இருக்கிறது என்று தீர்மானித்து, அடுத்த கூட்டத்தில் மாமாவைத் தலைவராக்கினார்கள். அப்பா அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் வேறு ஏதோ ஒன்றில் திருப்திப்பட்டுப் போயிருந்தார்.

இலை உதிரத் தொடங்கியபோது அப்பா உண்மையாகவே இறந்தார். தகனத்துக்கு முன் உடலை வைத்த மண்டபத்தில் பின்வரிசைகள் எல்லாம் வெறுமை. சிலர் நம்பவில்லை. சிலர் ஏற்கெனவே அழுதாயிற்று என்று நினைத்திருப்பார்கள். மாமா வந்தார், கறுப்புக் கோட்டுப் போட்டு, மெலிந்துபோய். என் கையைப் பிடித்துக்கொண்டு, தான் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லலாமோ என்று கேட்டார்.

"நீங்கள் சொல்லியிட்டியள் மாமா," என்றேன். "அண்டைக்கு அப்பா கதவுக்கு வெளியிலதான் நிண்டவர். முழுக்கக் கேட்டவர்."

அவர் அப்பாவின் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, மகளைப் பற்றித் தான் சொன்னதையும் கேட்டவரோ என்றார். ஓம் என்றேன்.

"கேட்டிட்டு ஐயா என்ன சொன்னவர், பிள்ளை?"

அவருக்கு அந்தப் பதில் எவ்வளவு தேவை என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. அப்பாவின் மீசைக்குள் இறங்கிய கண்ணீர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொறடி, அவன் சொல்லி முடிக்கட்டும் என்றதும் நினைவிருக்கிறது.

"ஒண்டும் சொல்லேல்லை," என்றேன்.

மாமா தலையை ஆட்டிவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் இருந்தார். இப்போதும் சில சனிக்கிழமைகளில் குட்மேய்ஸ் தெருவில் அவரைக் காண்கிறேன். ஏதோ கேட்க வருவது போல் என் முன்னால் நிற்பார். நான் சுகம் விசாரித்துவிட்டு நடந்துவிடுவேன்.